தெளிந்த தண்ணீரும் இறுகாத ஓடும்: மோல்மேன் பக்கத்து ஓதக் குளம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மியான்மரில் (பர்மாவில்) மோல்மேனுக்குத் தெற்கே, முதோனுக்கும் சைக்காமிக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் பல காலமாக இறாலும் சேற்று நண்டும் வளர்த்து வருகிறது. கடலிலிருந்து உள்ளே ஏறிவரும் உப்பங்கழி ஒன்றின் கரையில் அவர்களுக்கு இரண்டு குளங்கள். இரண்டுக்கும் ஒரே கழித் தண்ணீர்தான், பார்த்துக்கொள்வதும் ஒரே குடும்பம்தான். அப்படியிருந்தும் ஒரு குளம் சுகமாக இருக்க, மற்றது இரண்டு மழைக்காலம் தொடர்ந்து நஷ்டம் கொடுத்தது. ஏன் என்று தேடியதையும், அதற்குப் பிறகு செய்ததையும், அதன் பலனையும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். நான் தண்ணீர்ப் பரிசோதனை வேலை பார்ப்பவன். தூரத்து உறவு என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திபெத் பீடபூமியில் பிறந்து 2,400 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வரும் சல்வீன் ஆறு (பர்மியர்கள் தான்லுவின் என்பார்கள்) மோல்மேனில் ஜாயிங், அத்தரான் ஆறுகளோடு சேர்ந்து மர்தபான் வளைகுடாவில் விழுகிறது. வழியில் ஷான் பீடபூமியின் சுண்ணாம்புப் பாறைகளை அரித்துக்கொண்டு வருகிறது. பாஅன் நகரப் பக்கம் நெல்வயல் நடுவே செங்குத்தாக நிற்கும் குன்றுகளும் அதே சுண்ணாம்புக்கல்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு அந்தப் பாறையைக் கரைக்கும்போது, பைகார்பனேட்டாக மாறி ஆற்றில் இறங்குகிறது. அந்தப் பைகார்பனேட்டில் பாதிக் கார்பன் பாறையுடையது, பாதி காற்றுடையது. கழிமுகத்துத் தண்ணீரின் காரத்தன்மையில், அதாவது அமிலத்தைத் தாங்கும் வலுவில், பெரும்பங்கு இதுதான்.

வளைகுடா ஓதத்துக்கு, அதாவது கடல் தினமும் ஏறி வற்றுவதற்கு, பேர்போனது. அதன் தலைப்பகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 6 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் அடிவண்டல் கிளம்பி, கலங்கிய நீர்ப்பரப்பு 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. அட்டமி, நவமியின் சிறு ஓதத்தில் அது 15,000 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். எனவே எங்கள் பக்கத்தில் கழித் தண்ணீர் என்றாலே கலங்கல்தான். இந்தச் செய்தி பின்னால் முக்கியமாக வரும்.

இரண்டு குளங்களில் பழையது ஆழமில்லாதது. சுற்றிலும் நீப்பா ஓலைப் பனையும் அலையாத்தி மரங்களும் அப்படியே நிற்கின்றன. அடிமண் என்றைக்கும் ஈரம் காய்ந்ததில்லை. புதியது சுமார் ஓர் ஏக்கர். அலையாத்திக் காடாக இருந்த இடத்தைச் சுத்தம் செய்து, இயந்திரம் வைத்து ஆழமாகத் தோண்டி, தோண்டிய கரிய மண்ணையே நாலு பக்கமும் கரையாகக் குவித்திருந்தார்கள். நல்ல சிமெண்ட் மதகும் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும், பங்குனி சித்திரை வெயிலில், குளத்தை வற்றவைத்து அடி வெடிக்கும்வரை காயப்போடுவது வழக்கம். நோய்க்கிருமி சாக வேண்டும் என்பதற்காகச் செய்வது. மற்ற மண்ணில் இது நல்ல யோசனைதான்.

கவனித்தவை

முதலில் கண்டுபிடித்தது வீட்டு அத்தை. சந்தைக்கு நண்டு கட்டுவது அவர்தான். வைகாசி தொடங்கும்போதே, "இந்தக் குளத்து நண்டு ஓடு உரித்து நாளாகியும் புது ஓடு இறுக மாட்டேன் என்கிறது, அழுத்தினால் பள்ளம் விழுகிறது" என்று சொல்லியிருக்கிறார். இறாலும் அப்படியே, ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே தளர்ச்சி. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் மழை பிடித்தது. மோல்மேன் பக்கம் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும், அதில் பெரும்பகுதி வைகாசி முதல் ஐப்பசிக்குள் கொட்டிவிடும். முதல் கனமழை விட்ட இரண்டாம் நாள் புதிய குளத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. ஒரு முழம் ஆழத்தில் கிடக்கும் கிளிஞ்சல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. குடும்பத்தாருக்குச் சந்தோஷம். அதற்கடுத்த விடியலில் இறால்கள் கரையோரம் ஒதுங்கிச் செத்துக் கிடந்தன. செவுளைப் பிரித்தால் துருநிறத்தில் படலம்.

நான் போனபோது கண்ணில் பட்டவை: கரையின் உள்சரிவில் ஊறிவரும் தண்ணீர் செங்காவி நிறம், அதன் மேல் எண்ணெய் போல மினுங்கும் ஏடு, குச்சியால் கீறினால் சில்லுசில்லாக உடையும். எண்ணெயாக இருந்தால் உடைந்த இடம் மறுபடி கூடிக்கொள்ளும். ஏடு சில்லாக உடைந்தால் அது இரும்பைத் தின்னும் நுண்ணுயிர்களின் வேலை. காய்ந்த கரைமண்ணை உடைத்தால் வேர் ஓடிய துளைகளை ஒட்டி வைக்கோல் நிறத்தில் வெளிர்மஞ்சள் புள்ளிகள். மதகின் குளப்பக்கத்துச் சிமெண்ட் பூச்சு கரைந்து, ஜல்லி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கழிப்பக்கத்துப் பூச்சு புதிது போலவே இருந்தது. ஒரே மதகு, ஒரே கொத்தனார், ஒரே நாளில் பூசியது. அந்த ஜல்லியைத் தொட்டுப் பார்த்ததுமே பாதி விஷயம் பிடிபட்டுவிட்டது.

அவர்கள் நினைத்த காரணங்கள்

பெரியவர் மழையைக் குற்றம் சொன்னார். மருமகன், மேற்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அடிக்கும் மருந்து வருகிறது என்றார். மருந்துக் கடைக்காரர் நுண்ணுயிர்ப் பொடி விற்றார், போட்டார்கள், பலனில்லை.

தண்ணீரைச் சோதிக்காமல் இல்லை. மருமகன் நோட்டுப் போட்டு எழுதியே வைத்திருந்தார். பிஹெச் (அமிலத்தைக் காட்டும் எண், 7-க்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம்) தாள் கொண்டு பார்த்ததில் தொடர்ந்து 8-ஐ ஒட்டியே இருந்தது. "தண்ணீர் நல்லாத்தானே இருக்கு தம்பி, நோட்டைப் பாருங்க" என்றார் பெரியவர். நோட்டைப் புரட்டினால் எல்லாமே பிற்பகல் 3 மணி வாக்கில் எடுத்த அளவு. வெயில் இருக்கும் வரை பாசி நுண்தாவரம் கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொள்ளும், பிஹெச் ஏறும். இரவெல்லாம் குளத்து உயிர்கள் மூச்சுவிட, கார்பன் டைஆக்சைடு சேர்ந்து விடியலில் பிஹெச் அடிமட்டத்துக்கு வரும். பிற்பகலில் மட்டும் பார்ப்பவருக்குக் குளம் எப்போதும் ஆரோக்கியமாகவே தெரியும்.

காரத்தன்மை வேறு. எவ்வளவு அமிலம் வந்தாலும் பிஹெச் விழாமல் தாங்கும் திராணி அது. பிஹெச் சட்டைப்பையில் தெரியும் பணநோட்டு என்றால், காரத்தன்மை பெட்டிக்குள் இருக்கும் சேமிப்பு. பாசி பகலில் கார்பன் டைஆக்சைடை இழுத்தாலும் இரவில் விட்டாலும் காரத்தன்மை மாறாது. அமிலம் வந்தால்தான் கரையும். அதை அந்தக் குளத்தில் யாரும் அளந்ததே இல்லை.

ஓர் ஓதம் முழுக்க எடுத்த அளவுகள்

கழி, பழைய குளம், புதிய குளம் மூன்றிலும் ஏற்றம் நிறைவில் ஒன்று, வற்றம் அடியில் ஒன்று, விடியலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று எடுத்தோம். முறை பழையது: 100 மில்லி தண்ணீரில் நிறங்காட்டி விட்டு, 0.02 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, நிறம் மாறும்போது நிறுத்த வேண்டும். செலவான ஒவ்வொரு மில்லி அமிலமும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில்.

இங்கே கலங்கல் விஷயம் வருகிறது. வடிகட்டாத கழித் தண்ணீர் 141 காட்டியது. அதே பாத்திரத்துத் தண்ணீரை வடிதாளில் வடித்துப் பார்த்தபோது 118. வண்டலில் உள்ள சுண்ணாம்புத் துகள் அமிலத்தில் கரைகிறது, களிமண்ணும் கொஞ்சம் அமிலத்தை வாங்கிக்கொள்கிறது. மர்தபான் கரையில் வடிக்காமல் எடுத்த காரத்தன்மை அளவை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு எல்லா மாதிரியையும் வடித்தே அளந்தோம்.

கழியில் கண்டது எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஏற்றம் நிறைந்திருக்கும்போது காரத்தன்மை 112, பிஹெச் 8. திறந்த கடலின் காரத்தன்மை சுமார் 115, எனவே இது பெரும்பாலும் கடல் தண்ணீர்தான். ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்திருந்தும் காரத்தன்மை அவ்வளவாகக் குறையாததற்குச் சல்வீன் கொண்டுவரும் சுண்ணாம்பே காரணம் என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் வடிய வடியக் காரத்தன்மை ஏறிக்கொண்டே போய், வற்றம் அடியில் 138-ஐத் தொட்டது. அதே நேரம் பிஹெச் 7.1-க்கு இறங்கியிருந்தது, முட்டை நாற்றம் வேறு. பிஹெச் மட்டும் பார்ப்பவர் இந்தத் தண்ணீரை மோசம் என்று ஒதுக்குவார். உண்மையில் அமிலத்தைத் தாங்கும் வலு அதில்தான் அதிகம்.

அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? அலையாத்தி வேர்களுக்கு இடையே, நண்டு வளைகளுக்குள், சேற்றில் தேங்கும் தண்ணீரில் பிராணவாயு கிடையாது. அங்கே இலைமக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் பிராணவாயுவுக்குப் பதில் கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. கடல்நீரில் சல்பேட் லிட்டருக்கு 2.7 கிராம் அளவு இருப்பதால் பஞ்சமில்லை. அந்த வினையில் ஒரு பக்கம் ஹைட்ரஜன் சல்பைடு, மறுபக்கம் பைகார்பனேட். ஓதம் வற்றும்போது வளைகளிலிருந்து கசிந்து இறங்கும் தண்ணீர் அந்தப் பைகார்பனேட்டைக் கழிக்குக் கொண்டுவருகிறது. சல்பைடோ சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாக, கரிய மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. பைரைட் மண்ணுக்குள் இருக்கும் வரைதான் வெளியே போன காரத்தன்மை நிகர லாபம். பைரைட்டைக் காற்றில் போட்டால் அது கந்தக அமிலமாகி, கொடுத்த காரத்தன்மையை அப்படியே திருப்பி வாங்கிவிடும்.

பழைய குளம்: காரத்தன்மை 104, விடியல் பிஹெச் 7.3. புதிய குளம், மழைக்கு முன்: காரத்தன்மை 28, விடியல் பிஹெச் 6.4, பிற்பகல் 8.2. முதல் கனமழைக்குப் பின் விடியலில் பிஹெச் 4.7, காரத்தன்மை அளக்க ஒன்றுமே இல்லை.

இறால், நண்டுக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை? ஓடு உரித்த பின் புது ஓட்டை இறுக்கத் தண்ணீரிலிருந்து கால்சியமும் பைகார்பனேட்டும் எடுக்கின்றன. இறால் குளத்தில் காரத்தன்மை 80-க்குக் கீழே போகக்கூடாது என்பது பண்ணைகளில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. 28-ல் ஓடு இறுகாது. அத்தை விரலால் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

கரை மண்

கரையிலிருந்து ஒரு பிடி மண், பழைய குளத்து அடியிலிருந்து ஒரு பிடி, இரண்டிலும் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டோம். பைரைட்டைக் காற்று மெல்ல அமிலமாக்குவதை அது உடனே செய்துகாட்டும். (கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மருந்துக்கடையில் புண்ணுக்கு விற்கும் 3 சதவீதம் இதற்குப் போதாது.) இரண்டுமே பொங்கின. புதிய கரையின் ஆழத்து மண் பொங்கிச் சூடேறி, கந்தக வாடையோடு, கடைசியில் பிஹெச் 2-ஐ ஒட்டி நின்றது. பழைய குளத்து அடிமண்ணும் அதே அளவுக்கு விழுந்தது. இதைப் பார்த்து மருமகன் குழம்பிவிட்டார்: "அப்போ பழைய குளத்துலயும் விஷம் இருக்குதானே?"

இருக்கிறது. அது ஈரத்துக்குள் தூங்குகிறது. இரண்டு குளத்துக்கும் மண் ஒன்றுதான். ஒன்றைத் தோண்டிக் கரையில் குவித்து, கோடையெல்லாம் வெடிக்கக் காயவைத்தார்கள். வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போனது. முதல் மழை அந்த அமிலத்தை இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்த்துக் குளத்துக்குள் கழுவிவிட்டது. தண்ணீர் தெளிந்ததும் இதனால்தான். பிஹெச் 5-க்குக் கீழே கரையும் அலுமினியம், களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் தள்ளிவிடும். மர்தபான் கரையில் மழைக்காலத்தில் ஒரு குளம் திடீரென்று தெளிந்தால் மகிழக்கூடாது, உடனே விடியல் பிஹெச் பார்க்க வேண்டும்.

எடுத்த முடிவுகள்

பெரியவர் முதலில் கேட்டது சுட்ட சுண்ணாம்பு. "மூட்டை மூட்டையாக் கிடைக்குது, கொட்டிடலாம்." வேண்டாம் என்றேன். சுட்ட சுண்ணாம்பு பிஹெச்சை ஒரே நாளில் 9, 10 என்று தூக்கும். அந்த உயரத்தில் குளத்திலுள்ள அம்மோனியா விஷமாகும். மிச்சமிருக்கும் உயிரும் போய்விடும். தவிர, கணக்கும் ஒத்துவரவில்லை. ஓர் ஏக்கர், ஒரு மீட்டர் ஆழம் என்றால் சுமார் 4,000 கன மீட்டர் தண்ணீர். காரத்தன்மையை 28-லிருந்து 80-க்கு உயர்த்தத் தேவை 200 கிலோ சுண்ணாம்புக்கல் தூள்தான், வாங்கிவிடலாம். ஆனால் 1 சதவீதம் பைரைட் கந்தகம் உள்ள ஒரு டன் மண்ணின் அமிலத்தை மட்டும் முறிக்க 31 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். கரையில் இருப்பது நூற்றுக்கணக்கான டன். தண்ணீருக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே, கரையை மழையில் விட்டுவைத்தால் முடிவே இல்லை.

எனவே வரிசையை மாற்றினோம். முதலில் அமிலம் புதிதாக உண்டாவதை நிறுத்துவது, அப்புறம் உண்டானதை முறிப்பது.

குளத்தை இனிக் காயவைப்பதில்லை என்பது முதல் முடிவு. இதற்குத்தான் வீட்டில் எதிர்ப்பு அதிகம். காயவைத்தால்தான் நோய் போகும் என்று எங்கேயோ சொல்லிக்கொடுத்ததைப் பெரியவர் விடவில்லை. பழைய குளம் ஒருநாளும் காய்ந்ததில்லை என்பதை அத்தைதான் எடுத்துச் சொல்லி வாதத்தை முடித்தார்.

இரண்டாவது, ஓதத்தையே சுண்ணாம்பாகப் பயன்படுத்துவது. ஏற்றத்துத் தண்ணீரின் காரத்தன்மை 112 முதல் 115. ஒரு குளம் நிறையக் கடல்நீர் என்றால் சுமார் 460 கிலோ சுண்ணாம்புக்கல்லுக்குச் சமம். பெரிய ஓத நாளில் குளத்தில் மூன்றில் ஒரு பங்கு மாற்றினாலும் 150 கிலோ இலவசமாக வந்து இறங்குகிறது. வெளியேறும் தண்ணீர் அமிலத்தையும் எடுத்துக்கொண்டு போகும். இதைப் பங்குனி முதல் வைகாசி முற்பகுதி வரை செய்ய வேண்டும், அப்போதுதான் கடல் தண்ணீர் முழு வலுவோடு கழிக்குள் வருகிறது. அவர்களோ சரியாக அந்த மாதங்களில்தான் மதகை அடைத்துவிட்டுக் குளத்தைக் காயப்போட்டிருந்தார்கள். ஆடி ஆவணியில் கழியே மழைநீரால் நீர்த்துவிடும், அப்போது வாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாவது, கரை. உள்சரிவில் சுண்ணாம்புக்கல் தூளை மண்ணோடு கிளறிவிட்டு, கரையின் தலையில் ஒரு வாய்க்கால் வெட்டி, மழைத் தண்ணீரைக் குளத்துக்குள் விடாமல் தனிக் குழியில் சேர்ப்பது. சரிவில் நீப்பாவும் அலையாத்தியும் நடுவது.

நான்காவது முடிவு குடும்பத்துக்கு வெளியே சம்பந்தப்பட்டது. கழியில் கொஞ்சம் கீழே மோன் இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் நண்டுக் கூண்டுகள் இருக்கின்றன. போன மழைக்காலத்தில் செந்நிறத் தண்ணீர் வந்ததை அவர்களும் பார்த்திருந்தார்கள். யார் விட்டது என்று தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். நாமே போய்ச் சொல்வதுதான் முறை என்றேன். பெரியவரும் யோசித்துவிட்டுச் சரி என்றார். தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டது: குழித் தண்ணீரைச் சுண்ணாம்பில் முறித்து, பிஹெச் 6.5-க்கு மேல் வந்த பிறகு, பெரிய ஓதம் வற்றத் தொடங்கும் நேரத்தில் மட்டும் திறப்பது. சிறு ஓத நாட்களில் கழி மந்தமாகக் கிடக்கும்போது ஒரு சொட்டும் விடுவதில்லை. அமிலத் தண்ணீரும் கழித் தண்ணீரும் கலக்கும் இடத்தில்தான் அலுமினியம் செவுளில் படியும். எனவே பிஹெச் 4-ல் இருக்கும் தண்ணீரை நல்ல தண்ணீரோடு அப்படியே கலக்கவிடுவதுதான் மிகக் கெடுதல்.

பின் நடந்தது

அடுத்த கோடையில் குளம் காயவில்லை. மருமகன் ஓதப் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பெரிய ஓதம்தோறும் மதகைத் திறந்தார். காரத்தன்மை படிப்படியாக ஏறி, மழைக்கு முன் 87-ல் நின்றது. நண்டு ஓடு இறுகியது. வண்டல் நிறையச் சேர்ந்தது, அது எதிர்பார்த்ததுதான். பைரைட் மண்ணின் மேல் புதுச் சேறு ஒரு போர்வையாகப் படிவதில் எனக்குச் சந்தோஷமே.

கரை வாய்க்காலில் ஒரு தடங்கல் வந்தது. செலவு குறையும் என்று மேஸ்திரி சுண்ணாம்புக்கல் ஜல்லி நிரப்பினார். முதல் வாரங்களில் நன்றாக முறித்தது. பிறகு ஒவ்வொரு கல்லின் மேலும் துருத் தோல் படிந்து மூடிக்கொண்டது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் கல் அப்படியே இருக்கிறது, வெளியே தண்ணீர் பிஹெச் 4-ல் ஓடுகிறது. இரும்பு கலந்த அமிலத்தில் பெரிய கல் உதவாது. ஜல்லியை அள்ளிவிட்டு நைஸாக அரைத்த தூளுக்கு மாறினோம். தூளை அடிக்கடி கிளற வேண்டியிருக்கிறது, ஆள் வேலை அதிகம்.

மழைக்காலத்தில் காரத்தன்மை 48 வரை இறங்கியது. இறாலுக்கு அது போதாது என்று தெரிந்ததால் அந்த மாதங்களில் இறால் விடவில்லை, நண்டு மட்டும் வைத்தார்கள். குளம் முழுக்க அமிலமாகும் விபத்து நடக்கவில்லை. ஆனால் சிறு ஓதமும் விடாமழையும் சேர்ந்து வந்த ஒரு வாரத்தில், வடகிழக்கு மூலையில் கசிவு குளத்துக்குள் வந்து, அந்த மூலையில் கிடந்த நண்டுகள் செத்தன. அங்கே கரை மற்ற இடங்களைவிட உயரம், அடியாழத்து மண் மேலே குவிந்திருக்கும் இடம். பைரைட் தீரும்வரை இந்தக் கசிவு பல ஆண்டு நீடிக்கும் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். கீழ்க் கூண்டுகளில் அந்தப் பருவத்தில் சேதமில்லை.

கார்பன் கணக்கு

இந்தக் குளத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு வியாபார நஷ்டம் மட்டும் காரணமல்ல. பைகார்பனேட்டாகக் கடலில் சேரும் கார்பன் பல்லாயிரம் ஆண்டுகள் காற்றுக்குத் திரும்பாமல் இருக்கக்கூடியது. அலையாத்திக் கழி ஒவ்வொரு வற்றத்திலும் அதைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கரையிலிருந்து வரும் அமிலம் பைகார்பனேட்டைத் தொட்டதும் அது கார்பன் டைஆக்சைடாகி மேலே போகிறது. முன்பு சொன்ன அதே 1 சதவீதக் கந்தக மண்ணில் ஒரு டன் முழுதாக ஆக்சிஜனேற்றம் ஆகி, அந்த அமிலத்தைக் கடல்நீர் பைகார்பனேட்டே முறித்தால், 27 கிலோ அளவுக்குக் கார்பன் டைஆக்சைடு விடுபடும். சுண்ணாம்புக்கல் தூள் கொண்டு முறித்தால் அதில் பாதி. இதற்கு மேல், காய்ந்த மண்ணில் பல காலமாகச் சேர்ந்த இலைமக்கு எரிவது தனி.

அலையாத்திக் காட்டின் மதிப்பை நின்ற மரத்தின் எடையை வைத்துச் சொல்கிறார்கள். மண்ணுக்குள் இருப்பது அதைவிடப் பெரிய தொகை என்பதை இப்போது பலர் ஒப்புக்கொள்கிறார்கள். கழி வழியே வெளியேறும் காரத்தன்மையையும், தோண்டினால் அது எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதையும் சேர்த்து எண்ணாத கணக்கு எனக்கு அரைகுறையாகவே படுகிறது. மரத்தை வெட்டினால் மறுபடி நடலாம். கரையில் குவித்த பைரைட் மண்ணை எடுத்துப் பழைய இடத்தில் ஈரத்துக்குள் வைப்பது எந்தக் குடும்பத்தாலும் ஆகாது.

மாற்ற வேண்டியவை

அலையாத்தி நிலத்தில் குளம் வெட்ட நினைப்பவர்களிடம் முதலில் வெட்டாதீர்கள் என்றே சொல்வேன். ஏற்கெனவே வெட்டவெளியாக இருக்கும் நிலம் என்றால், இயந்திரம் வருவதற்கு முன் வெவ்வேறு ஆழங்களில் மண் எடுத்துப் பெராக்சைடு சோதனை செய்ய வேண்டும். பெராக்சைடு கிடைக்கவில்லையா, மண்ணை ஈரமாகவே மெல்லிய பையில் காற்றுப்படும்படி இரண்டு மூன்று மாதம் வைத்து, முன்னும் பின்னும் பிஹெச் பார்க்கலாம். 4-க்குக் கீழே விழுந்தால் அந்த ஆழத்துக்குத் தோண்டக்கூடாது. தோண்டியே ஆக வேண்டும் என்றால் அடிமண்ணைக் கரையின் உச்சியில் குவிக்காமல், நீர்மட்டத்துக்குக் கீழே போட்டு மேல்மண்ணால் மூட வேண்டும்.

நோட்டில் எழுதும் நேரத்தையும் மாற்றியாயிற்று. விடியலில் ஒரு பிஹெச், பிற்பகலில் ஒன்று, வாரம் ஒரு காரத்தன்மை, அதுவும் வடித்த தண்ணீரில். இரண்டு பிஹெச்சுக்கும் இடைவெளி பெருகிக்கொண்டே போனால் காரத்தன்மை கரைகிறது என்று மருமகன் இப்போது தாமாகவே சொல்கிறார். அத்தை நண்டு கட்டும்போது ஓட்டை அழுத்திப் பார்த்துச் சொல்வதையும் அதே நோட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறோம். அது எந்தக் கருவிக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டது.

வடகிழக்கு மூலைக் கரையை வரும் கோடையில் பாதியாகத் தாழ்த்தி, எடுத்த மண்ணைக் குளத்தின் ஆழமான பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் இறக்குவதாக முடிவு. அந்த வேலை ஒரே பெரிய ஓத வாரத்துக்குள் முடிய வேண்டும், மண் காய நேரம் கொடுக்கக்கூடாது. கீழ்க் கூண்டுக்காரர்களும் அந்த வாரம் கூண்டுகளைக் கழியின் வாய்ப்பக்கம் நகர்த்தி வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.